வாங்கிய கையெழுத்து

தையல் கடை அக்காவுக்கும் அவள் தம்பிக்கும் பேச்சு நின்று நாளாகிவிட்டது. கடையின் பின்வாசலை மறித்து அவன் சுவர் எழுப்பினான். அவள் வழக்குப் போட்டாள். அவன் நீதிமன்றப் பக்கமே வராததால், சுவரை இடிக்கச் சொல்லி அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

இடிப்பதற்குள் தம்பி, காமாலையில் படுத்திருந்ததால்தான் வர முடியவில்லை, தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும் என்று மனுப் போட்டான். அக்காவுக்கு வழக்குச் செலவைக் கொடுத்தால் தீர்ப்பை ரத்து செய்து மறுபடி விசாரிக்கலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

நீதிமன்ற வராந்தாவில் அவன் பணத்தை நீட்டினான். “எடுத்துக்க. உனக்குப் பணம்தானே முக்கியம்?”

“என் அலைச்சலுக்குக் கூலிடா இது. நீ போடற பிச்சை இல்ல.” வெடுக்கென்று பிடுங்கி, ரசீதில் கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள், அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சொல்லி அக்கா போய் நின்றபோது அவளுடைய வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “பணத்தை வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

அக்கா விடவில்லை. மேல்கோர்ட்டில் நீதிபதி ஒன்றே கேட்டார். “செலவுத் தொகையை வாங்கிட்டீங்களா?”

“வாங்கினேன். வேணும்னா திருப்பிக் கொடுத்துடறேன்.”

“உத்தரவை ஏத்துக்கிட்டுத்தானே வாங்கினீங்க? இப்ப அதையே எதிர்க்க முடியாது.” மனு தள்ளுபடியானது.

வெளியே தம்பி இளித்தான். “இன்னும் கொஞ்சம் தரட்டுமாக்கா?”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் அவசரத்தின் மேல்தான் பாதிக் கோபம்.

“விசாரணைக்கு வாடா. கூண்டுல ஏறி, அந்தக் காமாலைக் கதையை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

அவன் சிரிப்பு நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.