சண்டைக்காரிக்கு எழுதிய வசனம்

அந்தக் கைப்பேசி விளையாட்டில் மோதுகிறவர்கள் ஆறு பேர். அவர்களுள் ஒருத்தி தேயிலைக் கொழுந்து பறிப்பவள். முதுகில் கூடை, இடுப்பில் சாக்குப் படங்கு. எதிரி நெருங்கும்போது அவள் எழுப்பும் கூக்குரல் என் தங்கையுடையது. விளையாட்டை உருவாக்கிய ஹட்டன் இளைஞர் இருவர், வட்டகொடைக்கு மேலே அவள் வேலை செய்யும் தோட்டத்திற்கு வந்தார்கள். குளவிக் கூடு கலைந்தால் அடுத்த மலையில் நிற்பவர்களை எப்படிக் கத்தி எச்சரிப்பாள் என்று கேட்டார்கள், அவள் கத்தினாள், பதிவுசெய்துகொண்டு போனார்கள். அதன்பின் பேருந்தில் முன்பின் அறியாத பிள்ளைகள்கூட அவளைப் போலக் கத்திக் காட்டுவார்கள். அவளுக்கு அதில் கொள்ளை மகிழ்ச்சி.

நான் தமிழாசிரியன். இலக்கணமும் பழஞ்செய்யுளும் கற்று, தோட்டத்து லயத்து வீட்டைவிட்டு ஹட்டன் நகரத்திற்கு வந்துவிட்டவன். அவள் அங்கேயே இருந்தாள்.

கொழும்பு நிறுவனம் ஒன்று அந்த விளையாட்டை அசைவூட்டத் தொடராக்க முன்வந்தபோது, வசனம் எழுத என்னை அழைத்தது. கொழுந்துக்காரிக்குத் தங்கையே குரல் கொடுப்பது என்றும் பேச்சு. தங்கையும் வந்திருந்த முதற்கூட்டத்திலேயே ஓர் இடர் எழுந்தது. விளையாட்டில் அடி உண்டு, காரணம் இல்லை. விழுந்தவன் அடுத்த சுற்றில் எழுந்து நிற்கிறான். எவனுக்கும் எவன்மீதும் பகை கிடையாது. தொடருக்கு அது போதாது.

“சேர், இவங்க எதுக்காகச் சண்டை பிடிக்கிறாங்க?” என்றார் இயக்குநர்.

நான் சிந்தித்துக்கொண்டிருக்கையில் தங்கை முந்திக்கொண்டாள். “காரணம் வேற வேணுங்களா? வெடியக்காலையில எங்க லயத்துப் பீலிக்கு வந்து நில்லுங்க. ஒரு கொடம் தண்ணி நெறையறதுக்குள்ள ஒம்பது காரணம் கெடைக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் பேச்சைக் கேட்டுப் பிறர் சிரிப்பதை நான் மாணவப் பருவம் முதல் கண்டிருக்கிறேன். திரையில் தோட்டத்துப் பெண் வாய் திறந்தால் அது நகைப்பதற்காகவே என்றொரு வழக்கம் உண்டு. என் தங்கை பேசினால் அவையே எழுந்து நிற்க வேண்டும் என்று உறுதிபூண்டு எழுதினேன். ஒவ்வொரு வரியையும் பலமுறை திருத்தினேன். இன்றும் அவ்வரிகளில் என்னால் பிழை காண முடியவில்லை.

ஒலிப்பதிவு ஹட்டனில், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறையில் நடந்தது. ‘அஞ்சுதல் அறியேன்; அடிபணிதலும் அறியேன். என் மண்ணில் நின்று என்னையே வினவும் நீ யார்?’ என்பது அவளுடைய முதல் வசனம். மூன்று முறை தடுக்கி நின்றாள். பிறகு கண்ணாடிக்கு அப்பாலிருந்த என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, குளவி வர்றப்ப இத்தன பேசிக்கிட்டு நின்னா மூஞ்சி வீங்கிப் போயிரும்ணே.”

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். “சேர், அக்கா பேசுற மாதிரியே மாத்தி எழுதுவமா? படம் இன்னும் வரையத் தொடங்கல்ல.”

அப்போது நான் ஆம் என்றிருக்கலாம். மொழியை இறக்க வேண்டியதில்லை, ஒரு மாதம் தாருங்கள், அவளைப் பழக்கிவிடுகிறேன் என்றேன். ஓவியர்கள் காத்திருக்கலாகாது என்பதால், உதட்டசைவு வரைவதற்கு மாதிரிக்குரல் ஒன்று மட்டும் கேட்டார்கள். கொழுந்து மும்முரமான காலம், அவளுக்கு ஓய்வில்லை. நானே எல்லா வசனங்களையும் நிறுத்தி நிதானமாக வாசித்து அனுப்பினேன்.

அந்த ஒரு மாதமும் மாலைதோறும் அவள் வீட்டுக்குச் சென்றேன். பகலெல்லாம் ஏறி இறங்கிய களைப்போடு அமர்ந்து, நான் சொன்னதைச் சொன்னாள். கறை ஏறிய விரலால் தாளில் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். மாத முடிவில் ஒரு சொல்லும் பிசகவில்லை. நான் மகிழ்ந்தேன். அடுத்த லயத்துப் பெண்களிடமெல்லாம், கார்ட்டூனில் தான் பேசப்போவதாக அவள் சொல்லி வைத்திருந்தாள்.

இரண்டாம் ஒலிப்பதிவில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஆம், ஒப்பித்தாள், பரிசளிப்பு விழா மேடையில் நிற்கும் பிள்ளையைப் போல. கூக்குரல் எழுப்பச் சொன்னார்கள். அதையும் ஒவ்வொரு எழுத்தாக, திருத்தமாக உச்சரித்தாள். இயக்குநர் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொலைபேசியில் சொன்னார். “குறை நினைக்காதீங்க சேர். உங்கட வசனம் எல்லாருக்கும் பிடிச்சிட்டுது. இந்தத் தமிழுக்கு மெட்ராஸ்ல ஒரு நடிகை இருக்கிறாங்க. அவங்களே கத்துறதையும் செய்திடுவாங்க.”

வசனத்தை மாற்றித் தருகிறேன், இன்றிரவே தருகிறேன், அவள் எப்படிப் பேசுவாளோ அப்படியே எழுதித் தருகிறேன் என்று மன்றாடினேன். படம் வரைந்து முடிந்துவிட்டது என்றார். நீளம் மாறினால் வாய் பொருந்தாதாம். அந்தக் கொழுந்துக்காரியின் வாய் என் வாசிப்பின் வேகத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சென்று சொன்னேன். அவள் அடுப்பின் முன் அமர்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடித்துக் கல்லில் போட்ட பிறகே நிமிர்ந்தாள்.

“அந்தத் தாளு பூராவும் மனப்பாடமா இருக்கேண்ணே. இப்ப அத நான் என்ன செய்ய?”

அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள்.

“நாளைக்குக் காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போனா அவளுங்க சும்மா விட மாட்டாளுங்க. ‘எப்படி, ஒன்னயக் கழிச்சுவிட்டுட்டாங்களா’ன்னு கேப்பாளுங்க. நான் என்னன்னு சொல்லட்டும்? நீங்கதான எழுதுறவரு. சொல்லுங்க.”

“தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிரு” என்றேன்.

“எனக்கா? இந்தத் தோட்டத்துல எனக்கா தொண்ட கட்டும்?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரொட்டியைத் திருப்பினாள். கருகியிருந்தது.

பின்னர் அவள் மகள் சொன்னாள். மறுநாள் காலை கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அந்த வாரம் முழுவதும் கொழுந்து மலையில் யாரோடும் பேசவில்லை. கேட்டவர்களுக்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள்.