ஒதுக்குப்புறமாக ஓர் இடம்

1. தொலைபேசியில் மன்னிப்பு

திங்கட்கிழமை காலை. பையை மேசையில் வைப்பதற்குள் தொலைபேசி அடித்தது. நாங்கள் பயணிகளை அனுப்பும், கூடாரம் போட்டுத் தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்டின் ஹோஸ்ட் பேசினார். ஹோஸ்ட் என்றால் கோடை முழுவதும் வாசலில் ட்ரெய்லர் போட்டுத் தங்கி, இடத்தைப் பார்த்துக்கொள்பவர். இவர் பெயர் டெப். ஓய்வுபெற்ற அமெரிக்கப் பெண்மணி.

"போன வாரக் கடைசியில் உங்கள் ஆட்கள் இங்கே இருந்தார்கள் இல்லையா?" என்று தொடங்கினார். "ஒரு வான் கூடுதலாக வந்திருந்தது. சனிக்கிழமை பாட்டும் கொஞ்சம்..."

அவர் முடிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். மிகவும் வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது, அவர்களிடம் நானே பேசுகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். டெப் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். காது இரண்டும் சுட்டன. எதிர்மேசைக்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் அங்கே இருந்தது மொன்ட்ரியால் பக்கத்துக் கர்க்லாண்டிலிருந்து போன ஒரு தமிழ்க் குடும்பம். என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிய பானை, இறால் பொரிக்கும் வாசம், வட்டமாகப் போட்ட நாற்காலிகள், இந்தக் கூடாரத்திலிருந்து அந்தக் கூடாரத்துக்குக் கூப்பிட்டுக் கதைக்கும் குரல்கள். என் சொந்தக்காரர்களும் அப்படித்தான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

2. தொழில்

மொன்ட்ரியாலில் ஒரு சின்ன அலுவலகம் எங்களுடையது. அமெரிக்காவின் மேற்கே உள்ள உயர் பாலைநிலத்துக்குக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்குப் பயணத்தை ஒழுங்கு செய்து கொடுப்போம். விமானம், வாடகை வான், கூடாரம், வழி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கும் இடம். இடம் தேர்வதுதான் என் வேலை. பல வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இடம் இரண்டு வகை. ஒன்று கேம்ப்கிரவுண்ட். எண் போட்ட இடங்கள், மேசை, கழிப்பறை, சில இடங்களில் தண்ணீர்க் குழாய், வாசலில் ஹோஸ்ட். மற்றது டிஸ்பர்ஸ்ட் சைட். பொது நிலத்தில், வெட்டவெளியில், எந்த வசதியும் இல்லாமல் தங்குவது. கட்டணம் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. தண்ணீரை நாமே கொண்டுபோக வேண்டும். கழிப்பறை என்பது ஒரு சின்ன மண்வாரி. குழி தோண்டி, குந்தி, மூடிவிட்டு வர வேண்டும்.

டிஸ்பர்ஸ்ட் சைட்டைத் தேர்வதற்குத் தனிக் கண் வேண்டும். காய்ந்த ஓடைப்படுக்கையில் கூடாரம் போடக் கூடாது. மழை எங்கோ பெய்தாலும் வெள்ளம் அங்கே வரும். முன்பே யாரோ கல் அடுக்கி நெருப்பு மூட்டிய இடத்தைத்தான் எடுக்க வேண்டும். புதிதாகச் செடிகளை மிதிக்கக் கூடாது. மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஜூலையிலும் இரவில் குளிரும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாதை. களிமண் பாதை காய்ந்திருக்கும்வரை சிமெந்து மாதிரி. ஒரு மழை பெய்தால் டயரில் ஒட்டி, வண்டியை ஓரடி நகர விடாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். முதலாளி லூக் என்னை அங்கே பல தடவை அனுப்பியிருக்கிறார். அந்தக் காற்றில் ஒரு மணி நேரத்தில் உதடு வெடிக்கும். நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

3. "உங்களுக்குச் சுதந்திரமா இருக்கும்"

டெப்பின் அழைப்புக்குப் பிறகு, தமிழ்க் குடும்பங்களை நான் அவருடைய ஆற்றங்கரைக் கேம்ப்கிரவுண்டுக்கு அனுப்பவில்லை. அப்படி முடிவெடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது. அங்கே கோடை முழுவதற்கும் சில இடங்களை எங்கள் அலுவலகத்தின் பேரில் பிடித்து வைத்திருந்தோம். பெரிய காட்டன்வுட் மரங்களின் நிழல், நடக்கும் தூரத்தில் கழிப்பறை, ஆற்றின் சத்தம். நம் ஆட்கள் கேட்டால், "அங்கே நெருக்கம். ஒதுக்குப்புறமாக ஓர் இடம் இருக்கிறது, உங்களுக்குச் சுதந்திரமா இருக்கும்" என்பேன். அவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். தமிழ்ப்பிள்ளை நமக்கென்று பார்த்து ஓர் இடம் எடுத்துத் தருகிறாள் என்று நினைத்தார்கள்.

தேவன் அண்ணையும் அப்படித்தான் நினைத்தார். நகரின் வடபகுதியான மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார். ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவி கமலா அக்கா, தம்பி குடும்பம், பிள்ளைகள் என்று இரண்டு வான்களில் போவதாகத் திட்டம். மகள் விண்மீன் பார்க்க வேண்டும் என்று கேட்டாளாம்.

"ஒரு விசயம் தங்கச்சி," என்றார் தொலைபேசியில். "இவவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்தது. நடப்பா. குந்தி எழும்பத்தான் ஏலாது. டொய்லெட் இருக்கிற இடமாப் பாரும். மிச்சம் நீர் சொல்லுற மாதிரி."

"நான் பாக்கிறன் அண்ணை," என்றேன்.

பார்த்தேன். ஆற்றங்கரையில் எங்கள் இடங்கள் காலியாகத்தான் இருந்தன. அவருடைய தம்பியின் குரலும் பின்னணியில் கேட்டிருந்தது. பெரிய குரல். டெப்பின் அடுத்த தொலைபேசி அழைப்பு எப்படி இருக்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு அவர்களுக்கு ஒரு டிஸ்பர்ஸ்ட் சைட்டை எடுத்தேன். நல்ல இடம்தான். சமதரை, ஒரு பக்கம் பாறை, சுற்றிலும் சேஜ் புதர், வானம் முழுவதும் விண்மீன். அங்கே கழிப்பறை இல்லை என்பதை நேராகச் சொல்லாமல், மடித்து வைக்கக்கூடிய கழிப்பறை இருக்கை ஒன்று கிடைக்கும், வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சலின் கடைசியில் ஒரு வரி எழுதினேன். அதை அவர்கள் கவனித்தார்களா என்று கேட்கவில்லை. அவர்கள் கவனிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

4. சும்மா கிடந்த இடம்

பாலைநிலத்துக்குள் திரும்புவதற்கு முன்னால் தண்ணீர் பிடிக்க அவர்கள் ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து தேவன் அண்ணை அழைத்தார்.

"தங்கச்சி, இங்க கம்பத்தில உங்கட ஒபிஸ் பேர் போட்டிருக்கு. ஒருத்தரும் இல்லை. டொய்லெட்டும் கிட்ட. இதில நிக்கலாமோ? இவவுக்கு வசதியா இருக்கும்."

நான் கணினியில் தேடுவதுபோல் விசைகளைத் தட்டினேன். திரையில் வேறு எதுவோ திறந்திருந்தது.

"அது வேற ஆக்களுக்குக் குடுத்திட்டம் அண்ணை. பின்னேரம் வருவினம்."

"ஓ... சரி, சரி. அப்ப நாங்கள் போறம். பேந்து எடுக்கிறன்."

அவர் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த இடத்தில் தொலைபேசி எடுபடாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். மறுநாள் வானிலைப் படத்தில் அந்தப் பக்கம் இடிமழை தெரிந்தது. பாதை களிமண் என்பதும் எனக்குத் தெரியும். அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடி வைத்தேன். காய்ந்துவிடும், காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பிற்பகலில் தேவன் அண்ணையின் அழைப்பு வந்தது. பக்கத்து ஊர் மருத்துவமனையிலிருந்து பேசினார். மழையில் இரண்டு வான்களும் புதைந்துவிட்டன. கமலா அக்கா அங்கே போனதிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டிருக்கிறார். காலையில் எழும்பியவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். மாடுகளைப் பார்க்க வந்த ஒரு பண்ணைக்காரப் பெண் தன் பிக்கப் வண்டியில் கணவன் மனைவி இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார். மற்றவர்கள் பாதை காயட்டும் என்று அங்கேயே நிற்கிறார்களாம். ஊசி வழியாக நீர் ஏற்றுகிறார்களாம். சிறுநீர்த் தொற்றும் இருக்கிறதாம்.

"அக்கா இப்ப எப்பிடி?" என்றேன்.

"கண் முழிச்சிட்டா." பிறகு சொன்னார்: "வரேக்கை அந்த ஆத்தங்கரையைத் தாண்டித்தான் வந்தனாங்கள். அந்த இடம் இன்னும் சும்மாதான் கிடக்குது."

அவர் கோபப்படவில்லை. கேள்வியாகவும் கேட்கவில்லை. கண்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

உடனே டெப்பை அழைத்தேன். ஒரு குடும்பம் அவசரமாக வருகிறது, நோயாளி இருக்கிறார், எங்கள் இடங்களை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். கூடவே, அவர்கள் அமைதியாக இருப்பார்கள், சமையல் வாசம் அதிகம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

"எதற்கு அப்படிச் சொல்லப் போகிறீர்கள்?" என்றார் டெப். "அது உங்கள் இடம். வரட்டும்." பிறகு கேட்டார்: "அந்த வான் விஷயமா? அன்றைக்கு நீங்கள் என்னைப் பேசவே விடவில்லையே. கூடுதல் வண்டியை வாசல் பக்கம் நிறுத்த வேண்டும் என்று அடுத்து வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள் என்று கேட்கத்தான் எடுத்தேன். பாட்டை, நான் போய்ச் சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரு தட்டில் சாப்பாடும் கொண்டுவந்தார்கள். நூல் நூலாக, வெள்ளையாக இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று உங்களிடம் கேட்க நினைத்தேன்."

"இடியப்பம்," என்றேன்.

லூக்கிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் சத்தம் போடும் மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"புது முழங்காலோடு போன பெண்ணைக் கழிப்பறை இல்லாத இடத்துக்கு அனுப்பினீர்கள். நம் இடம் காலியாக இருந்தது. ஏன்?"

"சத்தம் போடுவார்கள், முறைப்பாடு வரும் என்று பயந்தேன்."

"போன மாதம் அக்கார்டியன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போனார்களே ஒரு பிரெஞ்சுக்காரக் கூட்டம், லாவாலிலிருந்து. அவர்களுக்கு எந்த இடம் கொடுத்தீர்கள்?"

"ஆற்றங்கரை."

லூக் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவர்களின் மருத்துவச் செலவை அலுவலகம் ஏற்றது. மன்னிப்பை நீங்கள்தான் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

5. மொன்ட்ரியால்-நோரில்

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டாம் மாடி. வெளியே இரும்புப் படி, வளைந்து ஏறுவது. ஒவ்வொரு படியிலும் கமலா அக்காவின் முழங்காலை நினைத்தேன்.

தேவன் அண்ணை கதவைத் திறந்தார். "வாங்கோ, இருங்கோ," என்றார். முன்பு என்னைத் தங்கச்சி, நீர் என்றுதான் கூப்பிடுவார்.

கமலா அக்கா சோபாவில் காலை நீட்டி இருந்தார். முகம் வற்றியிருந்தது. தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"அக்கா, அந்த இடம் வேற ஆக்களுக்கெண்டு நான் பொய் சொன்னனான்."

"தெரியும். ஏன் எண்டுதான் விளங்கேல்லை. இவர் ஒவ்வொரு நாளும் கேக்கிறார், நாங்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தனாங்கள் எண்டு."

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

"பின்ன?"

வரும் வழியில் பேருந்தில் நிறையத் தயார் செய்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "எங்கட ஆக்கள் சத்தமாக் கதைப்பினம், சமைப்பினம், வெள்ளைக்காரர் ஏதும் சொல்லுவினம் எண்டு..."

"எங்களைக் காட்ட உமக்கு வெக்கமா இருந்ததோ?"

"ஓம் அக்கா."

தேவன் அண்ணை எழும்பிக் குசினிக்குள் போனார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

கமலா அக்கா என்னைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் அங்க ஏன் தண்ணி குடிக்கேல்லை தெரியுமே? குந்த ஏலாது. மறைவெண்டு பாத்தால் முழங்கால் உயரத்துக்குப் புதர்தான் இருக்கு. மச்சான் நிக்கிறார், பிள்ளையள் நிக்குதுகள். ஆரையும் வந்து பிடியுங்கோ எண்டு கேக்க வெக்கம். நீர் இங்க இருந்து வெக்கப்பட்டீர். நான் அங்க இருந்து வெக்கப்பட்டன். ஆஸ்பத்திரிக்குப் போனது நான் மட்டும்தான்."

நான் அழுதேன். அவர் என்னை அழ விட்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவருடைய பெரிய மனம் அது என்று இப்போது தோன்றுகிறது. சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே ஆறுதலாகியிருப்பேன். தேத்தண்ணியைத் தேவன் அண்ணைதான் கொண்டுவந்து வைத்தார். மூவரும் குடித்தோம். மகள் விண்மீன் பார்த்தாளா என்று கேட்டேன்.

"பாத்தவள்," என்றார் கமலா அக்கா. "முதல் நாள். நானும் பாத்தனான். வடிவாத்தான் இருந்தது."

அந்தக் குடும்பம் பிறகு எங்களிடம் வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்தவர்களும் வரவில்லை. அது நியாயம்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பாதை, காற்று, களிமண் எல்லாம் ஒரு கோடைக்குள் பழகிவிடும். அதை எந்த அலுவலகத்திலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு குடும்பத்துக்கு இடம் தேடும்போது, அவர்கள் எங்கே படுப்பார்கள், எங்கே கை கழுவுவார்கள், நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் எங்கே போவார்கள் என்று யோசியுங்கள். அவர்களை அங்கே யார் பார்ப்பார்கள் என்ற யோசனை வந்தால், கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்போது நீங்கள் உங்கள் வெட்கத்துக்குத்தான் இடம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.