பெட்ரா தரையில் உட்கார்ந்த நாள்

அது 2006. பெட்ராவுக்கு வயது முப்பத்தைந்து. அவள் இடுப்புக்கு எழுபது. கிழக்கு ஜெர்மனி கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு காலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸில் கம்பிக்குக் கம்பி பறந்தவள். பெர்லின் சுவர் விழுந்தது, நாடே இல்லாமல் போனது, அவளுக்குச் சோறு போட்ட விளையாட்டுக் கழகத்தையும் இழுத்து மூடிவிட்டார்கள். எங்கெங்கோ அலைந்து டெக்சாஸில் வந்து விழுந்தாள். அங்கே பிளானோ நகரில் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு ஓடியது. பிழைப்பா அது! காலையில் மாத்திரை, ராத்திரி ஐஸ் பை, நடுவில் பெற்றோர்களின் நச்சரிப்பு.

நச்சரிப்பில் முதலிடம் ஈரோட்டுத் தாமரைச்செல்விக்கு. அவள் மகள் பிரீத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "வரப்போகிற போட்டி வேண்டாம். மூன்று மாதம் ஓய்வு" என்று பெட்ரா சொல்லியிருந்தாள். தாமரைச்செல்விக்குச் சுருக்கென்றது. "வலிக்குதான்னு கேட்டா இல்லேங்கறா. இந்தம்மாவுக்குத்தான் சோம்பேறித்தனம்ங்க" என்று பெட்ராவின் எதிரிலேயே கணவன் சேனாபதியிடம் பொரிந்தாள். பெட்ராவுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் குரலை எந்த மொழியிலும் தெரியும்.

இருந்தாலும் அவர்கள் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாள். மறுத்துப் பேசுவது அதைவிட அலுப்பு. சோபா இன்னும் வாங்கவில்லை. எல்லோரும் கார்பெட்டில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார்கள். தட்டோடு நின்ற பெட்ராவை, உட்காருங்கள் உட்காருங்கள் என்று ஆளாளுக்குப் பிடுங்கி எடுத்தார்கள். பாழாய்ப்போன ரோஷம்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பிரீத்தி, ஆன்ட்டிங்களுக்கு ஸ்ப்ளிட் பண்ணிக் காட்டு கண்ணு" என்றாள் தாமரைச்செல்வி.

பிரீத்தி சிரித்துக்கொண்டே கால்களை விரித்து இறங்கினாள். அந்தச் சிரிப்பு பெட்ராவுக்குப் பழகியது; வலியை மறைக்க அவளும் அப்படித்தான் சிரித்தவள். தடுக்க எழப் பார்த்தாள், முடியவில்லை. கையூன்றிப் பார்த்தாள், சுவரைப் பிடித்துப் பார்த்தாள், ஊஹூம். கோச் விளையாடுகிறாள் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள்.

"நிறுத்து, பிரீத்தி!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். பிரீத்தி கால்களைச் சேர்த்துக்கொண்டாள். பிறகு தாமரைச்செல்வியை நிமிர்ந்து பார்த்தாள். "இவள் வயதில் நானும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இப்போது என்னைத் தூக்கிவிட ஆள் வேண்டும்."

தாமரைச்செல்வி குனிந்து, இரண்டு கையாலும் அவளைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு மகள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நெசமாச் சொல்லு சாமி. வலிக்குதா?"

பிரீத்தி முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எவ்ரி டே, அம்மா."