ஏரியில் மிதந்த மல்லிகை நகர்

மல்லிகை நகர் மூன்றாவது குறுக்குத் தெருவின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று, போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படம் எடுக்கிறார் ஞானம்மாள். பலகையின் மேல் ஒரு டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார், வரவில்லை. எதிர் வீட்டு கேட்டைத் தட்டி, பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தவரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி, பலகையைக் கழுவி, முந்தானையால் துடைத்து, மறுபடி படம் எடுக்கிறார். வீட்டுக்காரர் தன் சொம்பு திரும்பி வருமா என்ற கவலையில் வாயில் பிரஷ்ஷோடு காத்து நிற்கிறார். சொம்பு வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது.

“உன் ஊட்டுக்கு யாராச்சும் வந்தா, போன்ல இன்னான்னு வழி சொல்லுவ நைனா?”

அண்ணனூரில் ரயிலடியைச் சுற்றி இந்தக் கேள்விக்குத் தப்பியவர்கள் அநேகமாக யாரும் இல்லை. கறிக்கடைக்காரர் பதில் சொல்லியிருக்கிறார், ரயில் பெட்டிகள் நிறுத்தும் ஷெட்டில் வேலை பார்ப்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள், வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர்கூடத் துண்டைச் சரிசெய்துகொண்டு சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில், தைத்து முடித்ததைச் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் ஞானம்மாள். சட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, உள்ளும் புறமும் திருப்பி, தையல் ஓட்டத்தைக் கட்டைவிரலால் தடவி, தொங்குகிற நூல் பிசிறை வெட்டி எறிவது அந்த வேலை. வேலை போனது, கை போகவில்லை. சாவிக்கொத்தில் ஒரு குட்டிக் கத்தரி எப்போதும் தொங்குகிறது. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலரில் ஒரு நூல் ஆடினால் போதும், “அசையாம நில்லு” என்று ஒரு குரல் வரும், கழுத்துக்குப் பின்னால் கிளிக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் இதில் அலறியே விட்டார். வெட்டிய நூலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார் நம் அம்மாள்.

இந்தக் கை வரைபடத்தில் விழுந்தது ஒரு ரோஷத்தால். கணவர் கஜபதி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய போனில், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற பொது வரைபடம் ஒன்றை ஒருநாள் திறந்து, தன் வீடு எங்கே என்று தேடினார் ஞானம்மாள். ரயில் தண்டவாளம் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் வெறும் பொட்டல். கல்யாணமாகி வந்து, வீடு கட்டி, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த இடம் பொட்டலாம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே தெருத் தெருவாக நடக்க ஆரம்பித்தார். மல்லிகை நகர் மெல்ல மெல்ல வரைபடத்தில் எழும்பியது: தெருக்கள், கோயில், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, கஜபதி ஆட்டோ நிறுத்தும் வேப்பமரம்வரை.

பிறகுதான் நிஜமான பிசிறு கண்ணில் பட்டது. ஒரே இடம், ஒவ்வொரு இணையதளத்திலும் ஒவ்வொரு பெயரில் கிடந்தது. பஸ் நேரம் சொல்லும் தளத்தில் ஒரு பெயர், வார்டு விவரம் சொல்லும் தளத்தில் இன்னொன்று, தபால் குறியீட்டில் வேறொன்று. ஒன்றுக்கு ஒன்று அறிமுகமே இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக ஓர் எண் கொடுத்து, அந்த இடத்தின் எல்லாப் பெயர்களையும் எல்லாத் தளங்களையும் அந்த எண்ணோடு கோத்துவிட்டால், எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். வரைபடம் திருத்துகிற கூட்டத்தார் இதை இணைப்பு என்கிறார்கள். ஞானம்மாள் தையல் என்கிறார். “கை ஒரு மூலைல, காலர் ஒரு மூலைல கெடந்தா அது சட்டையா? தைக்கணும் கண்ணு.”

தைத்தார். தைத்துக் குவித்தார். தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் ஏதும் கிடையாது. காய்கறி வாங்கும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், எங்கே இரண்டு பேர் அகப்பட்டாலும் போனை நீட்டி, “இது யாரு போட்டது தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவார். தெருவே கொஞ்சம் ஒதுங்கி நடந்தது.

அந்த வேகத்தில்தான் சறுக்கினார். மல்லிகை நகர் என்று தேடினால் இரண்டு வந்தன. ஒன்று அண்ணனூர், இன்னொன்று செம்பரம்பாக்கம் பக்கம். தொழிற்சாலையில் ஒரே முத்திரை குத்திய சட்டைக் கட்டு இரண்டு இடத்தில் கிடந்தால் இரண்டும் ஒரே கட்டுத்தான். சேர்த்து அடுக்குவதே முறை. யாரோ தவறிப்போய் இரண்டாம் முறை பதிந்திருக்கிறார்கள் என்று நினைத்து, போய்ப் பார்க்காமலே இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்துத் தைத்துவிட்டார். அந்த எண்ணை நம்பிய தளங்கள் என்ன செய்யும்? இரண்டு இடத்துக்கும் சரிபாதியில், நடுவே புள்ளியை வைத்தன. நடுவே இருந்தது ஓர் ஏரி.

முதலில், தெருவில் யாரோ போனில் வரவழைத்த பிரியாணி ஏரிக்கரைக்குப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, நாலு வீடு தள்ளி இருக்கும் துலுக்கானத்துக்கு நெஞ்சு வலித்தபோது, கூப்பிட்ட ஆம்புலன்ஸும் ஏரிக்கரையில் போய் நின்றுகொண்டு, எங்கே வரணும், எங்கே வரணும் என்று போன் போட்டது. யாரும் சிரிக்கவில்லை. கஜபதி அவரைத் தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்ததால் மனிதர் பிழைத்தார். பிழைத்து வந்தவர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. ஞானம்மாள் கடந்து போகும்போதெல்லாம் நாற்காலியில் சாய்ந்தபடி, “ஏரில தண்ணி எவ்ளோ கீது தங்கச்சி?” என்று குசலம் விசாரிப்பார்.

எதனால் இப்படி ஆயிற்று என்று ஞானம்மாளுக்கே தெரியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஸ்ரீநாத், அதே வரைபடக் கூட்டத்தில் ஒருவர், மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினார்: அம்மா, உங்கள் மல்லிகை நகர் ஏரியில் மிதக்கிறது, இணைத்தது நீங்கள்தான் போலிருக்கிறது. ஞானம்மாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். குழம்பில் உப்பு இல்லை. கஜபதி கேட்கவும் இல்லை.

பக்கத்து வீட்டில் ஜாஸ்லின் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மழைக்காலத்தில்தான் நாள் குறித்திருந்தார்கள். டாக்டர் ரத்த அழுத்தத்தைச் சொல்லி, வலி எடுத்ததும் ஆம்புலன்ஸில் படுக்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆட்டோ உதவாது. அவள் அம்மா ஜெயகுமாரி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, வார்த்தையை மென்று விழுங்கி, ஒன்றே ஒன்றைக் கேட்டார். “அக்கா, நம்ம ஊட்டுக்கு வண்டி வந்துருமா?”

மறுநாள் விடிந்ததும் ஞானம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு செம்பரம்பாக்கம் கிளம்பிவிட்டார். பூந்தமல்லிக்கு ஒரு பஸ், மெட்ரோ தூண்களுக்கு அடியில் நீந்தி இன்னொரு பஸ், பிறகு கிடங்குகளுக்கு வரும் லாரிகளின் புழுதியில் ஒரு நடை. அங்கே இருந்தது இன்னொரு மல்லிகை நகர். நிஜமாகவே ஒரு தனி ஊர். முனையில் தள்ளுவண்டியில் இட்லி விற்ற ரேவதி என்ற பெண், ஊர் பேரைக் கேட்டதுமே பொரிந்து தள்ளினாள். எவளோ ஒருத்தி தங்கள் ஊரைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டாளாம், கேஸ் சிலிண்டர்கூட வந்து சேரவில்லையாம், கையில் கிடைத்தால் இருக்கிறதாம் அவளுக்கு.

“அவ நான்தான்,” என்றார் ஞானம்மாள். “ரெண்டு இட்லி வை. துன்னுட்டு உன் ஊர ஏரில இருந்து எடுத்து வெக்கிறேன்.”

ரேவதி இரண்டு இட்லியை வைத்தாள். பிறகு சட்னியைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். அன்று பிற்பகல் முழுக்க இரண்டு பேரும் அந்த ஊரின் சந்து சந்தாகச் சுற்றினார்கள்.

தொழிற்சாலையில் ஒரு கட்டில் தையல் தப்பானால் முழுக்கட்டையும் பிரித்துத்தான் மறுபடி தைப்பார்கள். ஞானம்மாளும் அப்படியே செய்தார். இரண்டு ஊரையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி எண் வாங்கி, இரண்டுமே வேறு என்ற குறிப்பையும் சேர்த்து, ஒவ்வொரு தளமாகப் பொறுமையாகக் கோத்தார். ஸ்ரீநாத் ஒவ்வொரு முடிச்சையும் சரிபார்த்தார். அத்தோடு விடவில்லை அம்மாள். பதற்றத்தில் யாரும் பலகையில் இருக்கிற தெருப் பெயரைச் சொல்வதில்லை என்பது, மல்லிகை நகர் என்று மட்டும் சொல்லிவிட்ட துலுக்கானம் விஷயத்தில் தெரிந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிற வீட்டில் மூன்றாவது குறுக்குத் தெரு என்று யார் சொல்வார்கள்? சிவப்பு கேட் சர்ச் பின்னால என்றுதான் சொல்வார்கள். அந்த சர்ச் கேட்டுக்கு நீலம் அடித்து வெகு காலமாகிறது, ஆனாலும் வாயில் அது சிவப்புதான். அதனால்தான் அந்தக் கேள்வி. போனில் என்ன சொல்லுவ என்று வீடு வீடாகக் கேட்டு, வாயில் வழங்குகிற பெயர்களையெல்லாம் அந்தந்த இடத்தின் எண்ணோடு கோத்தார். கேட்டவர்களில் பாதிப் பேர், மறுபடியும் ஏரியிலா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு அதையும் வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் ஜாஸ்லினுக்கு வலி எடுத்தது. ஜெயகுமாரிக்கு வாய் குழறியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, அண்ணனூர், சிவப்பு கேட் சர்ச் பின்னால, பிரசவம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. போனை வைத்துவிட்டு, வழி கேட்டு மறுபடி அழைப்பு வரும் என்று அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எல்லா வண்டியும் கேட்கும், குறைந்தது இரண்டு தரம் கேட்கும். ஞானம்மாள் குடையோடு பக்கத்தில் நின்றார். ஏரிக்கரை அவர் கண் முன்னால் வந்து வந்து போனது. கர்த்தரே, இந்த ஒரு தரம் என்று உதடு அசைந்தது.

போன் அடிக்கவில்லை. அடிக்கவே இல்லை. தெருமுனையில் சைரன்தான் கேட்டது. மழையைக் கிழித்துக்கொண்டு வந்த வண்டி, ஒரு திருப்பம்கூடத் தப்பாமல், ஜெயகுமாரி வீட்டு வாசலில் வந்து நின்றது. ஜாஸ்லினை ஏற்றினார்கள், ஞானம்மாளின் குடையும் கூடவே ஏறிப்போனது. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று செய்தி வந்தது. ஞானம்மாள் நடுத்தெருவில் நின்று மழையில் நனைந்தபடி அழுதார். சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

மழை விட்ட மறுநாள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஹேமநாதன் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஜெயகுமாரி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்ததால் தெருவே வாசலில் நின்றது. துலுக்கானமும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நேற்று யாரிடம் வழி கேட்டுக்கொண்டு வந்தீர்கள் என்று அவர்தான் கேட்டார்.

“யாரையும் கேக்கலண்ணா. அந்தம்மா சொன்னத அப்டியே மேப்ல போட்டேன், சிவப்பு கேட் சர்ச் பின்னாலன்னு. ஊட்டு வாசல்ல கொண்டாந்து வுட்டுச்சி. யாரோ நல்லா போட்டு வெச்சிகிறாங்க.”

எல்லாத் தலையும் ஞானம்மாள் பக்கம் திரும்பியது. இது யாரு போட்டது தெரியுமா என்று இப்போது ஆரம்பிப்பார் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டது. துலுக்கானம் நாற்காலியை விட்டு எழுந்து, தன் பங்குச் சர்க்கரையை ஞானம்மாளிடம் நீட்டினார்.

ஞானம்மாள் சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தை எடுத்தார். ஹேமநாதனின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே திருப்பி, அவருடைய காக்கிச் சட்டைக் கைமடிப்பில் தொங்கிய ஒரு நூலைக் கிளிக்கென்று வெட்டிவிட்டு, தையலை ஒரு தரம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.