இடியின் தொண்டை

நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற டவாலிக்கு ‘இடி’ என்று பட்டப்பெயர் வைத்தவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். அந்த மனிதருக்கு ரகசியம் பேசவே வராது. குழம்பில் உப்பு குறைவு என்று மனைவியிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். வக்கீல்களுக்கு இது பெரிய சௌகரியம். சாலைக்கு எதிர்ப்பக்கம் கேன்டீனில் சாவகாசமாக டீ குடிப்பார்கள். இடி கூப்பிட்டதும் எழுந்து வருவார்கள். இடிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மேல் வீட்டுக்காரனுக்கு மட்டும் அந்தக் குரல் ஆகாது. இரவெல்லாம் ஒரு கிடங்கில் காவல் இருந்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவன். ஒருநாள் இடி போனில் மைத்துனரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலைத் திறந்து, “யோவ், இன்னொரு தடவ கத்துன, தொண்டைய அறுத்துடுவேன்!” என்றான். இடி சிரித்துவிட்டு, வேண்டுமென்றே இன்னும் சத்தமாகப் பேசினார்.

கொஞ்ச நாளில், கூட வேலை பார்த்தவனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இடியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட ஆரம்பித்தார், ஏதோ பொத்தான் கத்தியைத் தடுத்துவிடும் என்பது போல.

இன்று அவனுடைய ஜாமீன் மனு. மூன்று தடவை கூப்பிட்டும் வக்கீல் வராவிட்டால் நீதிபதி தள்ளுபடி செய்துவிடுவார். இடி முதல் தடவை கூப்பிட்டது அவர் மீசைக்கே கேட்டிருக்காது. இரண்டாவது தடவை அதைவிட மோசம்.

வாசல் பெஞ்சிலிருந்து மேல் வீட்டுக்காரனின் மனைவி பிளாஸ்க்கோடு ஓடிவந்தாள்.

“என்னண்ணே, தொண்ட கட்டிக்கிச்சா? வெந்நீர் இருக்கு, ரெண்டு வாய் குடிங்க. வக்கீல் கேன்டீன்லதான் இருக்காரு. அண்ணன் கூப்பிட்டா கேக்கும், தைரியமா போங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன்.”

இடியை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெந்நீர் உள்ளே இறங்கியதோ இல்லையோ, மூன்றாவது தடவை போட்டார் பாருங்கள் ஒரு கூப்பாடு! வக்கீல் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே சாலையைத் தாண்டி வந்தார்.

கொடூரமான கொலை, வெளியே விடவே கூடாது என்றார் அரசு வக்கீல். குத்தியதைப் பார்த்தவர் ஒருவருமில்லை, கத்தியும் கிடைக்கவில்லை என்றார் அவனுடைய வக்கீல். நீதிபதி ஜாமீன் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: தினமும் காலையில் இதே நீதிமன்றத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, தினமும் இடியின் முகத்தில் விழிக்க வேண்டும்.

மறுநாள் காலை அவன் வந்தான். பாதியாக இளைத்திருந்தான், கண்கள் சிவந்து கிடந்தன. நேராக இடியிடம் வந்து நின்றான். இடியின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது.

“உள்ள தூக்கமே வரலண்ணே,” என்றான். “காலைல உங்கள திட்டிக்கிட்டே தூங்கிப் பழகிட்டேன். நீங்க கத்தாம கண்ணே மூட மாட்டேங்குது.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் சாய்ந்தான். அவன் கொன்றானா இல்லையா என்று இடிக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கண்களைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. பொத்தானைக் கழற்றினார். அன்றைய முதல் பெயரை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

எதிரே கேன்டீனில் ஒரு வக்கீல் அவசரமாக எழுந்தார். பெஞ்சில் மேல் வீட்டுக்காரன் குறட்டை விட ஆரம்பித்தான்.