திடலோரப் பலகைகள்

மலைமேல் இருக்கும் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கும் ஓர் அக்காவின் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். முழங்கால்வரை தொங்கும் ஆண்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார். பழப்பெட்டிகளுக்கு மேலிருந்த சின்ன டிவியில் இரண்டு நாடுகளின் கால்பந்தாட்டம் ஓடியது. பந்து எங்கே போனாலும் அவர் கண் திடலைச் சுற்றியிருந்த விளம்பரப் பலகைகளிலேயே இருந்தது. கோல் விழுந்தபோதும் நகரவில்லை.

"பந்தப் பாக்கலையா அக்கா?"

"போர்டு மாறியிருக்கு தம்பி. யாரு வாங்குனா?"

இந்தப் போட்டிகளின் ஒளிபரப்பு, விளம்பர உரிமைகளில் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கியிருப்பதாகப் படித்திருந்தேன். சொன்னேன்.

"எங்க தேயிலைத் தோட்டத்த வித்தப்பவும் இப்படித்தான் லா. காலையில வரிசையா நிக்கவச்சு பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போனா, கேட்டுல புது போர்டு. அதப் பாத்துதான் எங்களுக்கே தெரியும். கணக்கெழுதுற கிராணிகூட வாயத் தொறக்கல."

பழத்தைப் பையில் போட்டபடி, வியர்த்து ஓடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களைக் காட்டிக் கேட்டார்.

"இந்தப் பையங்ககிட்டயாச்சும் முன்னாடியே சொன்னாங்களா?"

இன்றும் ஆட்டத்துக்கு முன் தேசிய கீதத்துக்காக ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கும்போதெல்லாம், எனக்கு அக்கா சொன்ன பெரட்டுதான் கண்ணில் படுகிறது.