அனுமதிக் கடிதத்துக்குப் பதிலாகக் கொழுந்துத் துண்டு

வெளியார் எவரும் துரையின் எழுத்து அனுமதியின்றி லயங்களுக்குள் நுழையக் கூடாது. செக்ரோலில் பெயருள்ள தொழிலாளருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இவ்விதி பொருந்தாது. எங்கள் தோட்ட வாசலில் தொங்கிய பலகை சொன்னது இதுதான். செக்ரோல் என்ற அந்தப் பெயர்ப் பதிவில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நான் பிறந்ததே லயம் எனும் அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில்தான். விதிகளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு அப்போதே இருந்ததால், எனக்கு அனுமதி தேவையில்லை என்று நம்பினேன்.

அது 1963ஆம் ஆண்டுத் தொடக்கம். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இறுதியாண்டு மாணவி. சமூகவியல் என்றால் என்னவென்று லயத்தில் விளக்கிக் களைத்துப்போய், டீச்சர் வேலைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவந்தேன். பட்டத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். தோட்டத்துக் குடும்பங்களில் முடிவெடுப்பவர் யார் என்பது என் தலைப்பு. பொங்கல் விடுமுறையில், நீண்ட வினாத்தாள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து லயத்துக்குப் போனேன். மலை வேலைகளை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு வழியில் மறித்தார்.

"அப்பன் வீட்டுக்கு வந்தா வந்த மாதிரி இரு, புள்ள. கேள்வி கேக்கணும்னா தொரைகிட்ட எழுதி வாங்கிட்டு வா."

"பலகையில அப்படிப் போடலீங்களே ஐயா."

"பலகையில போடாததுதான் சட்டம்."

எழுதினேன். தோட்ட நிர்வாகியான துரைக்கு மூன்று பிரதிகள், பதிவுத் தபால். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. மார்ச்சில் என் விரிவுரையாளர் கூப்பிட்டுச் சொன்னார்: தோட்டத்துக்குள் செல்ல நிர்வாகம் இடம் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட சான்று இணைக்காவிட்டால் கட்டுரையை ஏற்க மாட்டார்கள். கட்டுரை இல்லையென்றால் பட்டம் இல்லை. என் உதவிப்பணமோ அந்த ஆண்டோடு நின்றுவிடும். இன்னொரு வருடம் தங்கிப் படிக்க எனக்கு வழியில்லை.

ஏப்ரல் விடுமுறைக்கு வந்தபோது மழை பெய்து ஓய்ந்து கொழுந்து பொங்கி நின்றது. பறிக்க ஆள் போதவில்லை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், வீட்டில் சும்மா இருப்பவர்களும் பெயர் கொடுக்கலாம் என்று கண்டாக்கே அறிவித்தார். மறுநாள் அம்மாவோடு நானும் கூடையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"படிப்பு முடிஞ்சிருச்சா?" என்றார் கண்டாக்கு.

"லீவுங்க ஐயா."

அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கடைசியில் கூடைக்குத்தானே வந்தாய் என்று அந்தப் பார்வை சொன்னது. பெயரை எழுதிக்கொண்டார்கள்.

எனக்குக் கொழுந்து பறிக்க வராது. முதல் நிறுவையில் கணக்கப்பிள்ளை என் கூடைக்குள் கையை விட்டு, "இது கொழுந்தா, மாட்டுக்கு வெட்டின தீனியா?" என்றார். மலை முழுக்கச் சிரித்தது. அதைவிடப் பெரிய அசட்டுத்தனம் பிற்பகலில் நடந்தது. பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த அக்காவிடம், மனப்பாடம் செய்திருந்த முதல் கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, ஒங்க வீட்டுத் தலைவர் யாரு?"

"தலைவரா? அவரு சங்கத்துல இருக்காரு. வீட்டுல நாங்கதான் இருக்கோம்."

எதற்காகக் கேட்கிறேன் என்று எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இத எழுதவா பேனாவும் புஸ்தகமும் குடுத்துப் படிக்க வைக்கிறாங்க? மொதல்ல வெரல மடக்கிப் பறிக்கப் பழகு" என்றாள் அக்கா. வினாத்தாளை அன்றே அடுப்பில் போட்டேன். காது மட்டும் திறந்திருந்தது. யார் பெண்ணை எந்தத் தோட்டத்தில் கொடுப்பது, எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வருடம் விட்டுவைப்பது, எல்லாம் நிரைக்கு நிரை பேசியே தீர்ந்துபோயின. மாலையில் வீட்டில் ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே தங்கள் முடிவாக அறிவித்தார்கள். புத்தகங்கள் சொல்லாத விஷயம் அது. தேத்தண்ணி குடிக்கும் இடைவேளைகளில் குறித்துக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வில் தலைமைப் பரீட்சகர் அனுமதிக் கடிதம் எங்கே என்றார். பின்னிணைப்பைத் திருப்பிக் காட்டினேன். நிறுவை முடிந்ததும் கொடுக்கும் கொழுந்துத் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தேன். என் பெயர், தேதி, பறித்த எடை, அடியில் கண்டாக்கின் கையெழுத்து.

"இது கடிதம் இல்லையே."

"விதி கடிதம் கேட்கவில்லை, ஐயா. நிர்வாகம் இடம் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட சான்று கேட்கிறது."

அவர் விதிப் புத்தகத்தை வரவழைத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். இரண்டு முறை படித்தார். மூடி வைத்துவிட்டு, "நீங்கள் பறித்தது மிகவும் குறைவு" என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்பு மேல்நிலையில் தேறினேன். முதல் வகுப்பை என் ஆங்கில இலக்கணம் விழுங்கிவிட்டது.

தோட்டத்துக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"எங்க வாயால பட்டம் வாங்கிட்ட. எங்க பேரையும் போட்டிருக்கலாம்ல?"

"பேரு போடக்கூடாதுங்கிறது விதிக்கா."

"எல்லாத்துக்கும் ஒரு விதி வச்சிருக்கா பாரு" என்று அம்மாவிடம் முறையிட்டாள். ஆனால் அன்று மலை முழுக்க அந்தச் செய்தியைக் கொண்டுபோனவள் அவள்தான். கண்டாக்கு வரும்போதெல்லாம் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாளாம்.

பிற்பாடு நானும் ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். விண்ணப்பம் போட்ட எவரையும் பதிலுக்காக ஏங்க வைத்ததில்லை. அந்த ஏப்ரல் மாதத்துக்கு நான் செலுத்திய மரியாதை அதுதான். துரையும் பதில் போடாமல் விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கண்டாக்கின் முன்னிலையில், நான் கேள்விகள் கேட்கலாம் என்று அனுமதித்திருந்தார். அக்கடிதம் என் கைக்கு வந்தது, பட்டம் வாங்கிய பிறகு, 1964 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை.